அசையும் கையும் ஆடும் திரையும்

என் தம்பி மகன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கார்ப் பந்தயம் ஆடுவதைப் பல நாள் கவனித்திருக்கிறேன். அவன் கையில் இருப்பது பொத்தான்கள் நிறைந்த ஒரு சிறு கருவி. மாணவர்கள் அதனைக் கன்ட்ரோலர் என்று வழங்குவர். திரையில் பாதை இடப்புறம் வளையும்போது அவனுடைய கட்டைவிரல் இடப்புறம் நகர்கிறது. அதுவே போதும், கார் திரும்பிவிடும். ஆயினும் அவன் கட்டைவிரலோடு நிற்பதில்லை. தோள் சாய்கிறது, தலை சாய்கிறது, கையிலுள்ள கருவியும் சாய்கிறது. வளைவு மிகக் கடியதாக இருந்தால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விடுகிறான். அவன் சாய்வதும் எழுவதும் பொறிக்குத் தெரியா. தெரியாத பொறிக்காக அவன் ஏன் இவ்வளவு பாடுபடுகிறான்?

இதைக் கண்டு சிரித்துவிட்டுப் போனவர்களே பலர். சிலர் மட்டும் வேறு வகையில் எண்ணினர். ஆடுபவனுடைய உடல் தானாகவே அசைகிறது என்றால், அந்த அசைவைப் பொறி உணரும்படி செய்தால் என்ன? பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாகக் கையை வீசினால் மட்டை வீசும். கருவியைச் சாய்த்தால் கார் திரும்பும். அப்போது விளையாட்டு மேலும் சிறப்படையுமன்றோ? இந்த எண்ணத்தை நம்பிச் சில நிறுவனங்கள் பெருஞ்செல்வம் ஈட்டின. சில நிறுவனங்கள் கையைச் சுட்டுக்கொண்டன. எண்ணம் உண்மையா என்பதை அதன் வரலாற்றிலிருந்தே காண முயல்கிறேன். இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய ஆராய்ச்சி என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. ஒரு கருவியின் வடிவம் யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

வீடியோ விளையாட்டின் தொடக்க நாட்களில் கைக்கு வேலை மிகக் குறைவு. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில், வில்லியம் ஹிகின்பாதம் என்னும் பௌதிக அறிஞர், ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வரும் பொதுமக்கள் சலிப்படையாதிருக்க ஒரு டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். ஆஸிலாஸ்கோப் என்னும் கருவியின் சிறிய வட்டத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி வலைக்கு மேலாகத் தாவிச் சென்றது. ஆடுபவர் கையில் ஒரு பெட்டி. பந்து செல்லும் கோணத்தை மாற்ற ஒரு திருகு. பந்தை அடிக்க ஒரு பொத்தான். அவ்வளவே.

1972இல் ரால்ப் பேர் என்பவரின் படைப்பான ‘ஒடிஸி’, மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் மூலம் வீடுகளுக்கு வந்தது. இதிலும் திருகுகளே. ஆனால் இதனோடு துப்பாக்கி வடிவமான துணைக்கருவி ஒன்றும் தனியே விற்கப்பட்டது. திரையில் தோன்றும் ஒளியை நோக்கிச் சுட்டால் அது உணர்ந்துகொள்ளும். திரையை விட்டு அறையிலுள்ள மின்விளக்கை நோக்கிச் சுட்டாலும் குறி தப்பாது என்பது வேறு செய்தி! எனினும், உடலின் செய்கையையே விளையாட்டாக்கும் ஆசை இத்துறையின் பிறப்பிலேயே இருந்தது என்பதற்கு அத்துப்பாக்கி சான்று.

அந்த ஆசை பின்னர் நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது. 1977இல் வந்த அடாரிப் பொறியின் ஜாய்ஸ்டிக், கைப்பிடியளவு இயக்கத்தை வேண்டியது. 1982இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பெய் யோகோய் சிலுவை வடிவமான ஒரு பொத்தானை அமைத்தார். மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளும் இப்போது ஒரு கட்டைவிரலின் கீழ் அடங்கிவிட்டன. கை முழுவதும் செய்த வேலை மணிக்கட்டுக்கும், மணிக்கட்டு செய்த வேலை விரலுக்கும் சுருங்கியது. இன்றளவும் அந்தச் சிலுவைப் பொத்தான் கன்ட்ரோலர்களில் இருந்து வருகிறது.

கட்டைவிரல் இவ்வளவு எளிதில் வென்றதற்குக் காரணம் உண்டு. 1954இல் பால் பிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்று ஒரு குறியைத் தொட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை அளந்து ஒரு விதி கண்டார். குறி தொலைவில் இருந்தால் நேரம் கூடும். குறி சிறியதாக இருந்தாலும் நேரம் கூடும். கட்டைவிரல் நகர வேண்டியதோ சில மில்லிமீட்டர். டென்னிஸ் மட்டையை வீசுபவனின் கை நகர வேண்டியதோ ஒரு மீட்டருக்கு மேல். விரைவையே விளையாட்டாகக் கொண்டால் விரலை வெல்லக் கையால் இயலாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை இசைத்துறையிலிருந்து விளக்குவது எளிது. சுமார் 1920இல் ருஷ்ய நாட்டுப் பௌதிக அறிஞர் லேவ் தேர்மின் ஓர் இசைக்கருவி செய்தார். அவர் பெயராலேயே அது தெரமின் என்று வழங்குகிறது. அதனைத் தொட்டு வாசிக்க வேண்டுவதில்லை. இரண்டு உலோகக் கம்பிகளுக்கு அருகே வெறும் காற்றில் கைகளை அசைத்தால் ஒலி ஏறும், இறங்கும். பார்ப்பதற்கு மாயவித்தை போன்றது. ஆனால் அதனைச் சுருதி பிசகாமல் வாசிப்பவர் உலகில் மிகச் சிலரே. வீணை வாசிப்பவரின் விரலுக்கு மெட்டு இருக்கிறது, தந்தி இருக்கிறது, தந்தி திருப்பித் தள்ளுகிறது. காற்றில் அசையும் கைக்கு அத்தகைய மறுமொழி ஏதுமில்லை. பொத்தானும் அழுத்தும்போது அழுந்துகிறது, விடும்போது எழுகிறது. ‘நீ சொன்னதைக் கேட்டேன்’ என்று விரலுக்கு அது சொல்லிவிடுகிறது. இந்த மறுமொழியை இழந்த கை தடுமாறும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் செலவிலேயே கற்றுக்கொண்டனர்.

முதலில் கற்றுக்கொண்டவர்களுள் ஒருவர் 1981இல் ‘லெ ஸ்டிக்’ என்னும் கருவியை வெளியிட்ட டேட்டாசாப்ட் நிறுவனத்தார். அது பீடமில்லாத ஒரு பிடி. உள்ளே பாதரசம். பிடியைச் சாய்த்தால் பாதரசம் ஒருபுறம் ஓடி மின்சுற்றை மூடும். சாய்ந்ததா இல்லையா என்று மட்டுமே அதனால் சொல்ல முடியும்; எவ்வளவு சாய்ந்தது என்று சொல்ல முடியாது.

1989இல் வந்தது ‘பவர் கிளவ்’ என்னும் கையுறை. அதன் மூலம் வி.பி.எல். என்னும் அமெரிக்க நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்காகச் செய்த, பல ஆயிரம் டாலர் விலையுள்ள கையுறை. அதனை எளிமையாக்கிச் சிறுவர்கள் வாங்கும் விலைக்கு மேட்டல் என்னும் பொம்மை நிறுவனம் கொண்டுவந்தது. கையுறையிலிருந்து, செவிக்கு எட்டாத மிகு ஒலி கிளம்பும். தொலைக்காட்சியைச் சுற்றிப் பொருத்திய மூன்று வாங்கிகள் அதனைக் கேட்டுக் கை எங்கே இருக்கிறது என்று கணிக்கும். விரல் மடங்குவதையும் கருவி உணரும். கேட்பதற்கு எவ்வளவு அழகு! ஆனால் அக்கையுறைக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுக்கள் இரண்டுதாம். மற்றவை யாவும் பொத்தானுக்காகப் பிறந்தவை. கையுறையில் எண்களைத் தட்டி ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஏற்றவாறு அதனை மாற்றிக்கொள்ள வேண்டும். பின்பு கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டும். சிறிது நேரத்தில் தோள் வலிக்கும். சிறுவர்கள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய கன்ட்ரோலரையே எடுத்துக்கொண்டனர்.

1993இல் சேகா நிறுவனம் தரையில் விரிக்கும் எண்கோணச் சட்டம் ஒன்றை விற்றது. ஆடுபவர் நடுவில் நிற்பார். சட்டத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் மேலெழும். கையாலோ காலாலோ கதிரை மறித்தால் ஒரு பொத்தானை அழுத்தியதாகப் பொருள். இங்கேதான் பிழை வெளிப்படையாகத் தெரிகிறது. ஆடுபவர் உண்மையில் குத்துகிறார், உதைக்கிறார். ஆனால் பொறி பெறும் செய்தியோ, ‘இன்ன பொத்தான் அழுத்தப்பட்டது’ என்பது மட்டுமே. விரலால் கணத்தில் செய்வதைக் காலால் மெதுவாகச் செய்வதற்குப் பணம் வேறு கொடுக்க வேண்டுமா?

மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மோட்டார் கார்கள் மோதும்போது பயணிகளைக் காக்க ஒரு காற்றுப்பை விரிகிறதல்லவா? மோதல் நிகழ்ந்தது என்பதை அப்பைக்கு அறிவிக்க 1990களின் தொடக்கத்தில் சிலிக்கன் சில்லில் செதுக்கிய முடுக்கமானிகள் உருவாயின. அதனுள்ளே தலைமயிரினும் மெல்லிய வில்லில் தொங்கும் ஒரு நுண்ணிய எடை இருக்கிறது. கருவி அசையும்போது அவ்வெடை சற்றே பின்தங்கும். அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அதனால் மின்தேக்குதிறன் மாறும். அம்மாற்றத்தை அளந்தால் முடுக்கம் தெரிந்துவிடும். கார்களுக்காகப் பெருமளவில் செய்யப்பட்டதனால் விலை சரிந்தது. ‘சாய்ந்ததா’ என்று மட்டும் கேட்ட பாதரசத்தின் இடத்தில் ‘எவ்வளவு சாய்ந்தது’ என்று சொல்லும் கருவி வந்தமர்ந்தது.

நிண்டெண்டோ 2000ஆம் ஆண்டில் இத்தகைய முடுக்கமானி ஒன்றைக் கையடக்கப் பொறியின் விளையாட்டுப் பேழைக்குள்ளேயே வைத்து, ‘கிர்பி’ என்னும் உருண்டை வடிவப் பாத்திரத்தை உருட்டி ஆடும் விளையாட்டை வெளியிட்டது. பொறியைச் சாய்த்தால் உருண்டை உருளும். சிறு பெட்டிக்குள் குண்டுகளை உருட்டிக் குழியில் விழச் செய்யும் விளையாட்டை நம்மில் பலர் சிறுவயதில் ஆடியிருப்போம். அதே விளையாட்டுத்தான் இது. இங்கே சாய்ப்பது பொத்தானுக்கு மாற்று அன்று, சாய்ப்பதே விளையாட்டு. இந்த வேறுபாட்டை மாணவ நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நிண்டெண்டோ, இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பின்தங்கிக் கிடந்தது. அதன் ‘கேம்கியூப்’ பொறி உலகெங்கும் சுமார் 2 கோடியே 17 இலட்சமே விற்றது. சோனி, மைக்ரோசாப்ட் ஆகிய பெரிய நிறுவனங்களோடு வேகத்திலும் படத் தெளிவிலும் போட்டியிடுவது வீண் என்று உணர்ந்தவர் அதன் தலைவர் சடோரு இவாடா. ஏற்கனவே ஆடுபவர்களைப் பிறரிடமிருந்து பறிப்பதைவிட, ஆடாதவர்களை அழைத்து வருவதே வழி என்று அவர் கருதினார். ஆடாதவர்கள் ஏன் ஆடுவதில்லை? கன்ட்ரோலரில் பொத்தான்கள் பெருகிப் பெருகி, அறியாதவர் அதனைக் கையில் எடுக்கவே அஞ்சினர். ஆனால் தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுக்க வீட்டில் யாரும் அஞ்சுவதில்லை. 2005ஆம் ஆண்டு செப்டம்பரில், டோக்கியோவில் அவர் காட்டிய புதிய கருவி ஒரு ரிமோட்டின் வடிவிலேயே இருந்தது. 2006 நவம்பரில் ‘வீ’ என்னும் பெயரோடு பொறி விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் விலை 250 டாலர்.

ரிமோட்டின் உள்ளே முடுக்கமானி. முனையில் ஓர் அகச்சிவப்புக் காமிரா. தொலைக்காட்சியின் மேல் வைக்கும் சிறு பட்டையை ‘உணர்பட்டை’ என்று பெயரிட்டு விற்றனர். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை; அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவே. உணர்வது ரிமோட்டிலுள்ள காமிராதான். அப்பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் வேலை நடக்கும்!

இக்கருவி விளையாட்டுலகின் திசையையே ஒருமுறை மாற்றியது, உவமையாகச் சொல்லவில்லை. ‘செல்டா’ வரிசையின் ‘டுவைலைட் பிரின்சஸ்’ என்னும் விளையாட்டு கேம்கியூபுக்காக ஆக்கப்பட்டு வந்தது. அதன் நாயகன் லிங்க் இடக்கை வீரன். வீ பொறிக்கு அதனை மாற்றியபோது, ஆடுபவர்களில் பெரும்பாலோர் வலக்கையால் ரிமோட்டைப் பிடிப்பார்களே என்ற கேள்வி எழுந்தது. வீரனுடைய கையை மட்டும் மாற்றுவது எளிதாக இல்லை. ஆகவே உலகம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிட்டனர். கிழக்கு மேற்காயிற்று, மேற்கு கிழக்காயிற்று. ஆடுபவரின் கையும் வீரனின் கையும் ஒன்றாக வேண்டும் என்பதற்காகச் சூரியனே திசை மாறிய கதை இது.

வீ பொறியோடு, ஜப்பான் போன்ற சில இடங்கள் தவிர, ‘வீ ஸ்போர்ட்ஸ்’ என்னும் விளையாட்டுத் தொகுதியும் சேர்ந்தே கிடைத்தது. டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ப், குத்துச்சண்டை என ஐந்து. என் அக்காவின் வீட்டில் அதனைக் கண்டேன். அறுபது வயதைக் கடந்த அக்கா அதற்குமுன் எந்தக் கன்ட்ரோலரையும் தொட்டதில்லை. ரிமோட்டைத் தோசைக் கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, “எதை அழுத்த வேண்டும்?” என்றார். “அடியிலுள்ள விசையைப் பிடித்துக்கொண்டே கையை வீசுங்கள், அம்மா, பந்தை விடும் நேரத்தில் விரலையும் விட்டுவிடுங்கள்” என்றான் அவர் மகன். முதல் பந்து ஓரமாக ஓடிற்று. மூன்றாவது பந்தில் பத்துக் கட்டைகளும் சரிந்தன. அன்று இரவு உணவு அரை மணி தாமதமாயிற்று. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இதே பௌலிங் பரவியதாகச் செய்தித்தாள்களில் படித்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை.

ஆர்வத்தில் ரிமோட்டைக் கைநழுவ விட்டுத் தொலைக்காட்சியை உடைத்தவர்களும் உண்டு. மணிக்கட்டில் மாட்டும் கயிறு மெல்லியதாக இருந்தமையால், 2006 டிசம்பரில் 32 இலட்சம் கயிறுகளை மாற்றித் தர நிண்டெண்டோ முன்வந்தது. பொறியோ மொத்தம் 10 கோடியே 16 இலட்சம் விற்றது. ஏறத்தாழ கேம்கியூபைப் போல் ஐந்து மடங்கு.

அப்படியானால் அசைவை உணரும் கருவி விளையாட்டைச் சிறப்பித்துவிட்டது என்று முடிவு கட்டலாமா? அக்கா வீட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பௌலிங் முடிந்ததும் நானும் என் தம்பி மகனும் டென்னிஸ் ஆடினோம். நான் எழுந்து நின்று, தோளைச் சுழற்றி, மைதானத்தில் ஆடுவதுபோலவே ஆடினேன். வியர்த்துவிட்டது. அவனோ மெத்தையிருக்கையில் சாய்ந்தபடியே மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று அசைத்தான். அவனே வென்றான். அந்த டென்னிஸில் திரையிலுள்ள ஆட்டக்காரர் தாமாகவே பந்தை நோக்கி ஓடிவிடுகிறார். வீச்சு எப்போது தொடங்கியது என்பதே பொறிக்கு முக்கியம். முழுக்கையும் வீசியதா மணிக்கட்டு மட்டும் அசைந்ததா என்பதை அது வேறு பிரித்து அறியவில்லை. என் உழைப்பு அனைத்தும் வீண். மெய்யாக ஆடியவனுக்குப் பயன் இல்லை; சிக்கனமாக அசைத்தவனுக்கு வெற்றி. இரண்டு வாரத்தில் வீட்டிலிருந்த எல்லாரும் உட்கார்ந்தே ஆடக் கற்றுக்கொண்டனர்.

குறை முடுக்கமானியின் இயல்பிலேயே இருக்கிறது. 1907இல் ஐன்ஸ்டைன் சுட்டிய உண்மை ஒன்றுண்டு. மூடிய பெட்டிக்குள் இருப்பவரால், தம்மை அழுத்துவது புவியீர்ப்பா, அல்லது பெட்டியின் முடுக்கமா என்று பிரித்தறிய இயலாது. ரிமோட்டுக்குள் தொங்கும் அந்த நுண்ணிய எடையும் அப்படிப் பெட்டிக்குள் இருப்பதுதான். கருவி சாய்க்கப்பட்டதா, வீசப்பட்டதா என்பதில் அது குழம்பும். திரும்பும் வேகத்தைத் தனியே அளக்க ஜைரோஸ்கோப் வேண்டும். 2009இல் ஜைரோஸ்கோப் அடங்கிய சிறு துணைக்கருவியை ரிமோட்டின் அடியில் பொருத்தும்படி நிண்டெண்டோ விற்றது. அதற்குள் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் பிற நிறுவனங்கள் வெளியிட்ட விளையாட்டுக்களில் பல, பொத்தானை அழுத்தச் சொன்ன இடத்தில் ரிமோட்டைக் குலுக்கச் சொன்னவையே. சேகாவின் எண்கோணச் சட்டம் மறுபிறவி எடுத்தது எனலாம்.

சோனியின் அனுபவம் இதனை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 2006இல் அந்நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 3 பொறியின் கன்ட்ரோலரிலும் அசைவுணர் கருவியை வைத்தது. அடுத்த ஆண்டு ‘லேர்’ என்னும் விளையாட்டு வந்தது. அதில் பறக்கும் டிராகன் விலங்கின் மீதேறிப் போர் புரிய வேண்டும். விலங்கைச் செலுத்தக் கன்ட்ரோலரைச் சாய்த்தே ஆக வேண்டும். வேறு வழி வைக்கப்படவில்லை. விலங்கு சொன்னபடி கேட்கவில்லை என்று விமரிசகர் பலரும் குறை கூறினர். 2008இல் கட்டைவிரலால் ஆடவும் வழி செய்து திருத்தம் வெளியிட்டனர். நிண்டெண்டோவும் இதற்கு விலக்கன்று. 2011இல் வந்த ‘ஸ்கைவர்ட் சோர்ட்’ விளையாட்டில் வாள் வீச்சின் திசையே போர். எதிரி இடப்புறம் காத்தால் வலப்புறமாக வெட்ட வேண்டும். நான் அறிந்தவரையில் வாள்வீச்சை இவ்வளவு உண்மையாகக் கையோடு இணைத்த விளையாட்டு அதற்குமுன் இல்லை. எனினும் அதனை 2021இல் மீண்டும் வெளியிட்டபோது, கையை வீசாமலே கட்டைவிரலால் வாளைச் செலுத்தும் முறையையும் சேர்த்தனர். இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. விருப்பத்தை ஆடுபவரிடமே விட்டது நல்ல முடிவு.

வீ பெற்ற வெற்றியைக் கண்ட மைக்ரோசாப்ட் மேலும் ஒரு படி போகத் துணிந்தது. கையில் எதுவுமே வேண்டா. உடலே கருவி என்றது. 2010 நவம்பரில் ‘கினெக்ட்’ வந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, அவை எப்படி இடம் மாறி விழுகின்றன என்று காமிரா பார்த்துத் தொலைவைக் கணிக்கும். மனித உடலின் 20 மூட்டுக்களை அடையாளம் காணும். அறிவியல் நோக்கில் இது மிகப் பெரிய சாதனை. முதல் 60 நாளில் 80 இலட்சம் விற்றுக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. ஆனால் விளையாட்டு எப்படி? அக்கருவி விநாடிக்கு 30 முறையே பார்க்கிறது. பார்த்ததைக் கணித்துத் திரைக்கு அனுப்பச் சிறிது நேரமாகிறது. கை அசைந்தபின் திரை அசைகிறது. தெரமினைப்போலவே இங்கும் கைக்கு மறுமொழி இல்லை. கார் ஓட்டச் சொன்னால் காற்றில் இல்லாத சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நடனம் மட்டும் இதற்கு விலக்கு. அதே நவம்பரில் கினெக்டுக்காக வந்த ‘டான்ஸ் சென்ட்ரல்’ என்னும் விளையாட்டை விமரிசகர்கள் மெச்சினர். நடனத்துக்குக் கையில் ஏதும் வேண்டியதில்லை. காலின் கீழ்த் தரையே மறுமொழி.

2013இல் மைக்ரோசாப்ட் தன் அடுத்த பொறியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னைக் கினெக்டோடு சேர்த்தே 499 டாலருக்கு விற்றது; சோனியின் பொறி 399 டாலர். ஏழே மாதத்தில் கினெக்ட் இல்லாத பொறியை 399 டாலருக்குத் தர வேண்டியதாயிற்று. 2017இல் கினெக்ட் செய்வதையே நிறுத்திவிட்டனர். விளையாட்டு கைவிட்ட அந்தக் கருவியை ஆய்வுக்கூடங்களும் ரோபோ செய்பவர்களும் ஆவலோடு எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை.

உடலுக்கு நன்மை உண்டாகும் என்றும் ஒரு சாரார் வாதிட்டனர். 2007இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் வளரிளம் பருவத்தினரை வீ ஸ்போர்ட்ஸ் ஆடச்செய்து அளந்தனர். உட்கார்ந்து ஆடுவதைவிட உடல் அதிகச் சக்தியைச் செலவிட்டது உண்மை. ஆனால் மைதானத்தில் மெய்யாக ஆடும்போது செலவாகும் அளவுக்கு அது எட்டவில்லை. 2012இல் ஹூஸ்டன் நகர ஆய்வொன்றில், அசைந்தாடும் விளையாட்டுக்களைப் பெற்ற குழந்தைகள், உட்கார்ந்தாடும் விளையாட்டுக்களைப் பெற்ற குழந்தைகளைவிட அதிகமாக உடலுழைக்கவில்லை என்று தெரியவந்தது. என் டென்னிஸ் அனுபவத்தை எண்ணிப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இவையெல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்தும் நிகழ்ச்சி வேறொன்று. என் நண்பர் ஒருவரின் மகன் சக்கர நாற்காலியில் இருப்பவன். கட்டைவிரல் ஆட்டத்தில் அவன் எங்கள் வட்டாரத்துக்கே மன்னன். ஒருமுறை பிறந்தநாள் விருந்தொன்றில், நின்று ஆடினால்தான் ஏற்றுக்கொள்ளும் ஒரு விளையாட்டை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்று ஆடினர். அவன் முறை வந்தபோது, திரையில், ‘எழுந்து நிற்கவும்’ என்ற சொற்கள் தோன்றின. அவன் சிரித்தான், நாங்கள் சிரிக்கவில்லை. யாரும் தீங்கு நினைத்துச் செய்ததன்று. ஆனால் என் அக்காவுக்குக் கதவைத் திறந்த அதே எண்ணம் இந்தப் பையனுக்கு அதை அடைத்துவிட்டது. பொத்தானோடு இருந்த காலத்தில் அவனுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இருந்ததில்லை. 2018இல் மைக்ரோசாப்ட் உடல் குறையுள்ளவர்களுக்கென்றே ஒரு கன்ட்ரோலரை வெளியிட்டது. அதில் இரண்டு பெரிய தட்டுப் பொத்தான்கள். பின்புறம் பல துளைகள். காலால் மிதிப்பதோ, தலையால் தள்ளுவதோ, எவரால் எது இயலுமோ அதற்கேற்ற விசையை அத்துளைகளில் செருகிக்கொள்ளலாம். ஒரே அசைவை எல்லார்மீதும் திணிக்காமல், அவரவர் அசைவைக் கேட்டுக்கொள்ளும் கருவி அது.

கினெக்ட் மறைந்ததோடு அசைவுணர் கருவியின் கதை முடிந்துவிட்டது என்று பலர் எழுதினர். அது பிழை. ஆரவாரம்தான் அடங்கியது. 2015இல் நிண்டெண்டோவின் ‘ஸ்பிளட்டூன்’ வந்தது. மைக்குழம்பைப் பீய்ச்சி ஆடும் விளையாட்டு. அதில் கட்டைவிரல் பெரிய திருப்பங்களைச் செய்கிறது; ஜைரோஸ்கோப் மணிக்கட்டின் சிறு அசைவை உணர்ந்து குறியை நேர்த்தியாக்குகிறது. கட்டைவிரலைத் துரத்திவிட்டு அதன் இடத்தில் அமராமல், அதற்குத் துணையாக நின்றது இந்த அசைவு. பழகியவர்கள் இதனை விட்டுப் பொத்தானுக்கு மட்டும் திரும்ப விரும்புவதில்லை. 2022இல் வந்த ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்கப் பொறியிலும் இதே ஜைரோஸ்கோப் இருக்கிறது. கண்களை மூடி அணியும் மெய்நிகர்க் கருவிகள் 2016இல் கடைக்கு வந்தபோதோ, கை எங்குள்ளது என்பதைப் பொறி மிக நுட்பமாக அறிந்துகொண்டது. 2018இல் தோன்றிய ‘பீட் சேபர்’ விளையாட்டில் தாளத்துக்கேற்பப் பறந்துவரும் கட்டிகளை, குறித்த திசையில், ஒளிவாளால் வெட்ட வேண்டும். பொத்தானால் அதனை ஆடலாமா என்று கேட்பதே பொருந்தாது. வீச்சை எடுத்துவிட்டால் அங்கே விளையாட்டே இல்லை.

சென்ற மாதம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். புதிய பொறி, புதிய கார்ப் பந்தயம். கன்ட்ரோலரைச் சாய்த்தால் கார் திரும்பும் வசதி அதில் இருக்கிறது. “அதை நிறுத்தி வைத்துவிட்டேன், பெரியப்பா, கட்டைவிரல்தான் சரியாக வருகிறது” என்றான். நான் பின்னால் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வளைவு வந்தது. தோள் சாய்ந்தது, தலை சாய்ந்தது, நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.